மருந்து போட்டும் பேன் ஏன் திரும்ப வருகிறது? – பள்ளிப் பிள்ளைகளின் தலை குறித்து

கேள்வி – 2024 ஜூன் 13, காலை

என் மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். ஆறு மாதங்களாகத் தலையில் பேன். கடையில் விற்கும் பேன் ஷாம்புவை நான்கு முறை போட்டாயிற்று. போட்ட அன்று சீப்பில் கொத்தாக வந்து விழுகின்றன. பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுகிறாள். சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தடவினால் ஒரே நாளில் ஒழிந்துவிடும் என்று என் மாமியார் சொல்கிறார். செய்யலாமா? பள்ளியில் மற்றப் பிள்ளைகளின் தலையில் இருக்கும்வரை இவள் தலையில் ஒழியவே ஒழியாது என்பது என் எண்ணம். சரிதானா?

ஜூன் 13, இரவு

சீத்தாப்பழக் கொட்டை வேண்டவே வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பேசலாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1989இல் என் தங்கைக்கு எட்டு வயது. அம்மா கொட்டைகளை வெயிலில் காயவைத்து, அம்மியில் நுணுக்கி, தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தலை முழுவதும் அப்பி, பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தலைக்கு ஊற்றியபோது, கரைந்த விழுது நெற்றி வழியாகக் கண்ணுக்குள் இறங்கியது. சாயங்காலத்துக்குள் அவளால் இமையைத் திறக்க முடியவில்லை. விளக்கு வெளிச்சம் பட்டாலே அலறினாள். அன்று இரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை. மறுநாள் கண் மருத்துவர், கருவிழியின் மேல்தோல் உரிந்திருப்பதாகச் சொல்லி, மருந்திட்டு இரண்டு கண்களையும் கட்டி அனுப்பினார். நான்கு நாட்களில் ஆறிவிட்டது. பார்வைக்குப் பழுது இல்லை. ஆனால் அந்த நான்கு நாட்களும் அம்மா அவள் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த விதையில் பேனைக் கொல்லும் நஞ்சு இருப்பது உண்மை. அதே நஞ்சு கண்ணையும் தாக்கும். இந்தியக் கண் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

இனி, பேன் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றி. 2022இல் என் மூத்த மகளோடு மூன்று மாதம் போராடிய அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் போடும் மருந்து பேனைக் கொல்கிறது, ஈரைக் கொல்வதில்லை. முடியில் ஒட்டியிருக்கும் ஈர் ஒரு வாரத்தில் பொரிகிறது. பொரித்தது வளர்ந்து மறுபடியும் ஈர் வைக்கிறது. ஒரு பெண் பேன் ஒரு நாளில் ஆறு, எட்டு என்று வைக்கக்கூடியது. பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வருவதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அப்படியே பொருந்துகிறது. அது புதிதாக வந்த பேனாக இல்லாமல், நீங்கள் விட்டுவைத்த ஈரின் பிள்ளையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் கழித்து இரண்டாவது முறை மருந்து போட வேண்டும்.

ஜூன் 14

நேற்று ஒன்றை எழுத மறந்தேன். 2022இல் மருந்து பலிக்காமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. மூத்தவளின் தலையில் தினமும் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி அனுப்புவது என் வேலை. மனைவிக்கு வெளியூரில் உத்தியோகம். வாரக் கடைசியில்தான் வருவார். எண்ணெய் சொட்டும் அந்தத் தலையின் மேலேயே நான் லோஷனைத் தடவினேன். அடுத்த முறை, கண்டிஷனர் கலந்த ஷாம்புவால் தலையை அலசிவிட்டுத் தடவினேன். இரண்டுமே தவறு. முடியின் மேல் எண்ணெயோ கண்டிஷனரோ படலமாகப் படிந்திருந்தால் மருந்து முடியில் சரியாகப் பிடிக்காது. சாதாரண ஷாம்புவால் எண்ணெய் போக அலசி, துண்டால் ஈரம் ஒற்றியெடுத்த பிறகே பெர்மெத்ரின் 1 சதவீத லோஷனைத் தடவ வேண்டும். பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். மூன்று பாட்டில் காசு வீணான பிறகே உள்ளே இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன்.

ஜூன் 14, சற்றுப் பிறகு

பொடுகையும் ஈரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊதினாலோ விரலால் தட்டினாலோ பொடுகு நகர்ந்துவிடும். ஈர் நகராது, முடியின் ஒரு பக்கமாகச் சாய்ந்து பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். பிடரியிலும் காதுகளின் பின்புறத்திலும் தேடுங்கள். என்னைப் போல் வெள்ளெழுத்து வந்தவர்கள் கண்ணாடியோடு தேடுங்கள்.

ஜூன் 16, ஞாயிறு

ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்த எனக்கே வாய்த்தது. இன்று காலை எண்ணெய்க் குளியலுக்காக இளையவளின் சடையைப் பிரித்தபோது, பிடரியில் எள் அளவில் ஒன்று வெளிச்சத்தைக் கண்டு முடிக்குள் ஓடி ஒளிந்தது. மூன்றாம் வகுப்பு. பள்ளி திறந்து ஏழாவது நாள். ஒரு வாரமாகவே பென்சிலின் பின்முனையால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். வேர்க்குரு என்று நான் நினைத்துவிட்டேன்.

மருந்துக் கடையில் பேன் மருந்து கேட்டேன். பெர்மெத்ரின் என்று எழுதிய டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். 5 சதவீதம் என்று போட்டிருந்தது. அது சிரங்குக்கு உடம்பில் பூசுவது. பெயர் ஒன்றுதான், அளவு வேறு. திருப்பிக் கொடுத்து 1 சதவீத லோஷனைக் கேட்டு வாங்கினேன். எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவந்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று தோன்றுகிறது.

இந்த முறை எதையும் தவறவிடவில்லை. சாதாரண ஷாம்பு, துண்டு, லோஷன், கடிகாரம் வைத்துப் பத்து நிமிடம், பிறகு பச்சைத் தண்ணீரில் அலசல். பழைய வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, மணை போட்டு அவளை உட்காரவைத்து, நெருக்கமான பல் கொண்ட உலோகச் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து வாரினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வேட்டியில் துடைக்க வேண்டும். மொத்தம் 34. பெரும்பாலானவை அசையவில்லை, இரண்டு மூன்று கால்களை மட்டும் ஆட்டின. இளையவள் ஒவ்வொன்றையும் எண்ணி, சுவரிலிருந்த தினசரி நாட்காட்டித் தாளில் எழுதிவைத்தாள். அன்றைய தாளில் அவளுடைய ராசிக்கு “வரவு” என்று போட்டிருந்தது.

ஜூன் 18

இன்று பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியையிடம் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், உங்கள் வகுப்பிலிருந்துதான் வந்திருக்கிறது, எல்லாப் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள் என்று சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் இளையவள் வந்து, பேன் போகும்வரை தன்னைக் கடைசி வரிசையில் தனியாக உட்காரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். என் கோபத்துக்குக் கிடைத்த கூலியை என் மகள் வாங்கிக்கொண்டாள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பேனுக்காக எந்தக் குழந்தையையும் வகுப்பை விட்டு அனுப்ப வேண்டியதில்லை என்றும், ஈர் முற்றிலும் போனால்தான் பள்ளிக்கு வரலாம் என்ற விதிகளைக் கைவிட வேண்டும் என்றும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. காரணம் எளியது. இன்று கண்ணில் படும் பேன் பல வாரங்களாக அந்தத் தலையில் இருந்திருக்கும். இத்தனை நாள் பரவாமலா இருந்தது, இன்று ஒரு நாள் விலக்கிவைத்து என்ன ஆகப்போகிறது? தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை. டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடையில் வாழும் உடற்பேன். சார்லஸ் நிக்கோல் 1909இல் கண்டறிந்து பிறகு 1928இல் நோபல் பரிசு பெற்றது அதற்காக. அந்தப் பெயரின் பழியைத் தலைப்பேனும் சேர்ந்து சுமக்கிறது.

ஜூன் 19

இன்று மருந்து கிடையாது, சீப்பு மட்டும். முடியை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி வாரினேன். மருந்து போடும் நாளில் கூடாத கண்டிஷனர், சீப்பு போடும் நாளில் உதவி செய்கிறது. உலர்ந்த முடியில் பேன் விறுவிறுவென்று ஓடி ஒளியும். நனைந்து வழுக்கும் முடியில் அதனால் ஓட முடியாது, சீப்பும் சிக்காமல் இறங்கும். கண்டிஷனருக்கு பதில் தேங்காய் எண்ணெயும் போதும். எண்ணெயால் பேன் மூச்சடைத்துச் செத்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம், மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீருக்குள்ளும் அப்படியே, முடியைக் கவ்விக்கொண்டு கிடக்கும். கிணற்றில் குதித்து நீந்தினால் பேன் போய்விடும் என்று நாங்கள் சிறு வயதில் நம்பியது, குதிப்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்ததால்.

ஐந்து பொடிப்பேன் வந்தன. பெரியது ஒன்றும் இல்லை. சீப்பின் பல்லிடுக்கில் ஒன்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஊசிமுனை அளவு, உடம்பு கண்ணாடிபோல் தெளிவு, வயிற்றின் நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. சற்றுமுன் குடித்தது. அவ்வளவு சிறிய உடம்புக்குள் என் மகளின் இரத்தத்தைக் கண்டதும் ஏனோ கோபம் வரவில்லை, வியப்புதான் வந்தது. பிறகு கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கினேன்.

எங்கள் வீட்டில் மரத்தால் செய்த ஈருளி ஒன்று இருந்தது. மனைவியின் ஊரில் அதை ஈர்வலி என்பார்கள். பல் நெருக்கமாக இருக்கும். உருவும்போது கண்ணில் நீர் வரும். இப்போதைய உலோகச் சீப்பு அதன் பேத்தி.

கேட்டவருக்கு: மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படி வாருங்கள். இரண்டு வாரம் விடாமல் வாரினால், மருந்தே தொடாமல் சமாளிக்கிறவர்களும் உண்டு. ஆனால் இடுப்பு வரை முடி உள்ள பிள்ளைக்கு ஒரு முறை வார முக்கால் மணி நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நான் கதை சொல்லிக்கொண்டே வாருகிறேன். கையில் கைப்பேசியைக் கொடுத்தால் தலையைக் குனிந்துகொண்டே போய்விடுகிறாள்.

ஜூன் 20

என் மூத்த மகள் 2022இல் நடந்ததை நினைவுபடுத்தினாள். ஈரின் பசையைக் கரைக்க நான் வினிகர் தடவினேனாம். தலை முழுவதும் ஊறுகாய் வாசனையோடு பள்ளிக்குப் போனாளாம். வினிகர் அந்தப் பசையைக் கரைக்காது. வீட்டில் உள்ள எதுவும் கரைப்பதாகத் தெரியவில்லை. நகத்தால் உருவலாம், சீப்பால் உருவலாம், இல்லையென்றால் முடியோடு வெட்டலாம். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: கோவிலுக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டால் என்ன என்று. பேனைப் பொறுத்தவரை மொட்டையைப் போலச் சிறந்த மருந்து கிடையாது. பற்றிக்கொள்ள முடி இல்லாமல் அவை வாழ முடியாது. ஆனால் ஒன்பது வயதுப் பெண், அவளுக்கே வேண்டுதல் இருந்தால் ஒழிய, வகுப்பில் மொட்டைத் தலையோடு உட்காருவதற்கு ஒப்புக்கொள்வாளா என்று அவளைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என் அத்தை மகளுக்கு ஆறாம் வகுப்பில் மொட்டை போட்டார்கள். சாமிக்கு என்று சொன்னார்கள். எதற்கு என்று வகுப்புக்கே தெரிந்திருந்தது.

ஜூன் 22

ஜூன் 16இலும் 18இலும் நான் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. இதை எழுதுவதற்கு வெட்கமாகவே இருக்கிறது.

இன்றைய சீப்பில் ஒன்பது பொடிப்பேன் வந்தன. எதிர்பார்த்ததுதான், ஈர் பொரிகிறது. வாரும்போது இன்னொன்றைக் கவனித்தேன். பிடரி முடியில் தலைத்தோலிலிருந்து ஒரு விரற்கடைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வெளுத்த, வெறும் ஈர்க்கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பேன் ஈர் வைப்பது தோலை ஒட்டி, ஒரு கோதுமை மணியின் நீளத்துக்குள். சூடு வேண்டும் அதற்கு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. கூடு அவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்றால், அது வைக்கப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். பள்ளி திறந்ததோ ஜூன் 10ஆம் தேதி.

அரிப்பும் அதையேதான் சொல்கிறது. அரிப்பு என்பது பேனின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. முதன்முறையாகப் பேன் வரும் பிள்ளைக்கு அரிப்புத் தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகலாம். ஆகவே, பேன் வந்தது மே மாத விடுமுறையில். விடுமுறை முழுவதும் என் பிள்ளைகள் ஊரில் என் அம்மா வீட்டில் இருந்தார்கள். கூடத்தில் பாயை விரித்து, அண்ணன் பிள்ளைகள், தங்கை பிள்ளைகள் எல்லாரும் தலையோடு தலை ஒட்டிப் படுத்து, நள்ளிரவு வரை ஒரே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேன் தாவாது, பறக்காது. அதற்குத் தேவை ஒரு முடியும் இன்னொரு முடியும் தொட்டுக்கொள்வது மட்டுமே. அந்தக் கூடத்தைவிட வசதியான இடம் அதற்கு எங்கே கிடைக்கும்?

வகுப்பிலிருந்து என் வீட்டுக்கு வரவில்லை. என் வீட்டிலிருந்துதான் வகுப்புக்குப் போயிருக்கும், போயிருந்தால்.

ஜூன் 23

திங்கட்கிழமை ஆசிரியையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். நேற்றே அண்ணனையும் தங்கையையும் தொலைபேசியில் அழைத்தேன். அண்ணி, எங்கள் பிள்ளைகளுக்கு அதெல்லாம் கிடையாது என்று வைத்துவிட்டார். தங்கை சிரித்தாள். அவள் வீட்டில் மே மாதக் கடைசியிலேயே பார்த்துவிட்டார்களாம். சொன்னால் நான் தவறாக எடுத்துக்கொள்வேன் என்று சொல்லவில்லையாம். கண் கட்டிப் படுத்துக்கிடந்தவளே சொல்லத் தயங்கினாள் என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

ஒருவர், “ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறீர்கள்” என்று கேலியாக எழுதியிருக்கிறார். ஈர் பேனாவதற்கு என் உதவி எதுவும் தேவைப்படவில்லை. பெருமாளாக்கியதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 25

இன்னொரு திருத்தம். முதல் நாள் இரவு, ஒரு வாரம் கழித்து இரண்டாவது முறை போட வேண்டும் என்று எழுதினேன். அது சற்று அவசரம். ஈர் பொரிக்க ஆறிலிருந்து ஒன்பது நாள், சிலவற்றுக்கு இன்னும் ஒரு நாள் கூட ஆகலாம். ஏழாம் நாளில் போட்டால், எட்டிலும் ஒன்பதிலும் பொரிப்பவை தப்பிவிடும். மிகவும் தள்ளிப்போட்டால், முதலில் பொரித்தவை வளர்ந்து ஈர் வைக்கத் தொடங்கிவிடும். பொரித்ததிலிருந்து அதற்கு ஒன்பது நாளாவது ஆகும். எல்லாம் பொரித்திருக்க வேண்டும், எதுவும் ஈர் வைத்திருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்படும் நாள் ஒன்பதாம் நாள். பெர்மெத்ரினுக்குக் குழந்தை மருத்துவர்களும் ஒன்பதாம் நாளையே சொல்கிறார்கள். 16உடன் ஒன்பதைக் கூட்டினால் 25. இன்று போட்டோம். அலசி வாரியதில் நான்கு, எல்லாம் பொடி, எல்லாம் செத்தவை. ராசிக்கு “வெற்றி” என்று போட்டிருக்கிறது.

நீங்கள் ஆறு மாதமாகப் போட்ட நான்கு முறையை இரண்டிரண்டாக, ஒன்பது நாள் இடைவெளியில் போட்டிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியையிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவர் தன் தலையையும் வீட்டில் பார்த்துக்கொண்டதாகச் சிரிக்காமல் சொன்னார். இளையவள் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

ஜூன் 27

பாக்கி மருந்துகளைப் பற்றிச் சிலர் கேட்டதற்காக எழுதுகிறேன். டைமெத்திகோன் என்பது ஒருவகை சிலிக்கோன் எண்ணெய். நஞ்சல்ல; பேனைப் போர்த்தி அடைத்துக் கொல்கிறது. பெர்மெத்ரினுக்குப் பழகிப்போன பேன்கள் பல நாடுகளில் பெருகிவிட்டதால் இதை நாடுகிறவர்கள் அதிகம். சில தயாரிப்புகள் தீப்பற்றக்கூடியவை. தடவிக்கொண்டு அடுப்பருகே போகக் கூடாது. ஐவர்மெக்டின் மாத்திரை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தர வேண்டியது; 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. அண்டை வீட்டார் கொடுத்த பாதி அட்டையை வாங்கி விழுங்கவைக்காதீர்கள்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எறும்புக்குத் தூவும் கமாக்சின் தூளையே தலையில் தேய்த்த வீடுகள் எங்கள் தெருவில் இருந்தன. அதன் உள்ளே இருந்ததுதான் லிண்டேன். நரம்பைத் தாக்கி வலிப்பு வரவைக்கக்கூடியது. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை ஒழிக்க வேண்டிய வேதிப்பொருள்களின் பட்டியலில் சேர்த்தபோதும், பேனுக்கும் சிரங்குக்கும் மட்டும் ஒரு விலக்கு வைத்திருந்தது. இப்போது அந்த இடத்தை எறும்புச் சாக்பீஸ் பிடித்திருக்கிறது. கோடு போடும் சாக்பீஸைப் பொடித்து முடியில் தூவுகிறார்கள். மண்ணெண்ணெயும் இன்னும் போகவில்லை. பச்சைக் கற்பூரமோ சூடமோ எண்ணெயில் கரைத்துத் தடவுவதும் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து. தோல் வழியாக உள்ளே போய் வலிப்பை உண்டாக்கலாம்.

தலையணை உறை, துண்டு, ரிப்பன் இவற்றைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். இரத்தம் கிடைக்காமல் பேன் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. மெத்தையைத் தூக்கி எறிய வேண்டாம். வீடு முழுவதும் பூச்சிமருந்து அடிக்கவும் வேண்டாம். சொறிந்து சொறிந்து புண்ணாகி நீர் வடிந்தாலோ, பிடரியில் நெறிகட்டினாலோ, மருத்துவரிடம் போகத் தாமதிக்காதீர்கள்.

ஜூன் 28, இரவு

சீப்பில் ஒன்றும் இல்லை. இளையவள் நாட்காட்டித் தாளில் பெரிய சுழி ஒன்றை வரைந்து, அதற்குக் கண், மூக்கு, வாய் வைத்தாள்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு செய்தி. இஸ்ரேலில் லாக்கிஷ் என்னும் பழைய நகரத்தில் 2016இல் தந்தத்தால் செய்த சிறு சீப்பு ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பற்கள்; மறுபக்கம் பேனுக்கும் ஈருக்கும் பதினான்கு மெல்லிய பற்கள். அதில் பொறித்திருந்த எழுத்து 2022இல்தான் படிக்கப்பட்டது: இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை வேரோடு களையட்டும் என்பது அதன் பொருள். ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் பழையது. அகர வரிசை எழுத்தில் எழுதப்பட்ட முழு வாக்கியங்களில் கிடைத்தவற்றுள் மிகப் பழையது என்கிறார்கள். அந்த நாட்டில் அப்போது யானை கிடையாது. தந்தம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை கொடுத்துத் தந்தச் சீப்பு வாங்கக்கூடியவரின் தாடியிலும் பேன் இருந்திருக்கிறது. அண்ணிக்கு இந்தச் செய்தியை அனுப்பினேன். பதில் வரவில்லை; படித்ததற்கான நீல அடையாளம் மட்டும் விழுந்திருக்கிறது.

ஜூலை 1

சுழி நிலைக்கவில்லை. இன்று இரண்டு. பொடி அல்ல, முழு வளர்ச்சி அடைந்தவை, சுறுசுறுப்பாக ஓடின.

மருந்து தோற்றதா, புதிதாக வந்ததா என்று நெடுநேரம் யோசித்தேன். மருந்துக்கு மசியாத பேனாக இருந்தால், மருந்து போட்டு எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆன பிறகும் முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். என் வேட்டியில் விழுந்தவை செத்துத்தான் கிடந்தன. மூன்று நாள் முன்பு சீப்பு காலியாகத்தான் வந்தது. மூன்று நாளில் எந்தக் குஞ்சும் இவ்வளவு பெரிதாக வளராது. ஆகவே இவை இந்த மூன்று நாளில் வேறொரு தலையிலிருந்து இறங்கி வந்தவை.

மூத்தவளின் தலையைப் பார்த்தேன், இல்லை. ஞாயிறு வந்த மனைவி என் தலையைப் பார்த்தார், இல்லை. வகுப்பில் இவளோடு ஒட்டி உட்காரும் பெண்ணின் தாயைக் கேட்டேன். இரண்டு வாரமாக வாரிப் பார்க்கிறேன், இல்லை என்றார், கோபித்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டில் இன்னொரு தலை இருக்கிறது. விடுமுறை முடிந்து பிள்ளைகளோடு வந்த அம்மா இங்கேதான் தங்கியிருக்கிறார். இளையவள் இரவில் படுப்பது அவரைக் கட்டிக்கொண்டுதான். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். படுக்கையைப் பகிர்ந்துகொள்ளும் எல்லாருடைய தலையையும் அன்றே பார்க்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு எழுதத் தெரிந்த எனக்கு... இல்லை, அதையும் நான் இங்கே எழுதவில்லை. மேலே தேடிப் பார்த்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அன்றே பாருங்கள், பேன் உள்ளவரோடு ஒரே படுக்கையில் படுப்பவருக்கும் சேர்த்தே மருந்து போடுங்கள்.

ஜூலை 3

நரைத்த தலையில் பேன் பிடிக்காது என்றார் அம்மா. எழுபத்திரண்டு வயது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்தவர். எனக்குப் பேன் பார்ப்பதற்கு நீ யார் என்று அவர் வாயால் கேட்கவில்லை, முகம் கேட்டது. இரண்டு நாள் பேச்சில்லை.

இன்று சாயங்காலம் அவராகவே கொல்லைப்புறத்துப் படியில் வந்து உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். நான் வேட்டியை விரித்தேன். மெல்லிய முடி, சீப்பு தடையின்றி இறங்கியது. இருபத்து மூன்று. நரைத்த முடியில் ஈர் எளிதில் கண்ணில் படுவதில்லை. வெயில் சாய்வாக விழும்போது மட்டும் தெரிந்தது. அவர் கையை நீட்டினார். சீப்பிலிருந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். நகத்தில் வைத்து நசுக்கினார். டொக்கென்று சத்தம் கேட்டது. என்னுடைய நசுக்கலில் அந்தச் சத்தம் ஒருநாளும் வந்ததில்லை.

லோஷனைத் திறந்ததும், கண்ணில் படாதல்லவா என்று ஒரு முறை கேட்டார். இரண்டு கண்களின் மேலும் துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பத்து நிமிடமும் கையை எடுக்கவில்லை.

ஜூலை 12

அம்மாவுக்கு இரண்டாவது முறை. ஒன்பதாம் நாள். நாட்காட்டியில் தானே வட்டம் போட்டு வைத்திருந்தார். இளையவளுக்கு 2ஆம் தேதியிலிருந்து மருந்தில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை சீப்பு மட்டும். 4இல் ஒன்று, அதன் பிறகு இல்லை.

கேட்டவர், இனி வராமல் இருக்க மாதம் ஒருமுறை மருந்து ஷாம்பு போடலாமா என்கிறார். வேண்டாம். இல்லாத பேனுக்கு மருந்து போட்டால் தலைத்தோல் எரியும், பேன் மருந்துக்குப் பழகும். ஞாயிறு எண்ணெய்க் குளியலின்போது ஈரத்தலையில் ஐந்து நிமிடம் சீப்பு போடுங்கள். முடியை விரித்து விடாமல் இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டி அனுப்புங்கள். சீப்பையும் ரிப்பனையும் ஆளுக்கு ஒன்றாக்குங்கள். ஒன்று கிடைத்தால், அன்றே நாலு வீட்டுக்குச் சொல்லுங்கள்.

ஜூலை 14, ஞாயிறு

இளையவள் 0. மூத்தவள் 0 (பார்க்க விட்டதே பெரிது). அம்மா 1, செத்தது. அண்ணி காலையில் அழைத்தார். எந்தச் சீப்பு, எத்தனை ரூபாய், எங்கே கிடைக்கும் என்று கேட்டார். வேறெதுவும் பேசவில்லை. இரண்டாக வாங்கி, நாளைக்கு ஊருக்குப் போகும் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு அடுத்த சீப்பு 15ஆம் தேதி.